மகளுக்கு எழுதிய அட்வான்ஸ் சீட்டு

கமுதி தங்கப்பாண்டிக்கு வாழ்க்கையில் எதுவுமே சொந்தச் செலவு கிடையாது. வீட்டு மாடியில் மாட்டிய ஏ.சி. மிளகாய் மண்டியின் செலவு. வெளியூர் வியாபாரிகள் வந்தால் தங்குவதற்கு. இதுவரை ஒருத்தரும் வந்து தங்கியதில்லை. கார் மண்டிச் செலவு. முனீஸ்வரனுக்கு வெட்டிய கிடாய் விளம்பரச் செலவு. கறிச்சோறு தின்ன வந்தவர்கள் பாதிப் பேர் மிளகாய் பயிரிட்டு மண்டிக்குப் போடுகிற சம்சாரிகள்தானே? பஸ் ஸ்டாண்டில் 'முண்டு மிளகாய் வேந்தர்' என்ற பட்டத்தோடு அவர் கைகூப்பி நிற்கிற இருபதடி பிளெக்ஸும் விளம்பரம்தான். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று ஊரில் எவரும் கேட்டதில்லை. பிளெக்ஸுக்குக் காசு கொடுத்தவர் யாரோ அவரேதான் பட்டமும் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரியும்.

ஆகவே, மகள் சத்யப்பிரியாவுக்குக் கட்டிய முதல் வருஷ மருத்துவக் கல்லூரி பீஸ் இருபத்து நாலு லட்சமும் மண்டிக் கணக்கில் ஏறாது என்று ஆடிட்டர் சேதுபதி சொன்னபோது, ராமநாதபுரத்தில் அந்த ஆடிட்டர் ஆபீஸ் நாற்காலியில் தங்கப்பாண்டி அடித்துப்போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"ஏறாதுன்னா?"

"ஏறாது அண்ணாச்சி. மக படிப்பு சொந்தச் செலவு. அதத் தொழில் செலவுன்னு காட்டி வரியில கழிக்க முடியாது."

"இருபத்து நாலு லட்சமும் சொந்தச் செலவா?" தங்கப்பாண்டி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஒரு மனுசனுக்கு அம்புட்டுச் சொந்தம் எதுக்குய்யா?"

"சட்டம் அப்படி."

"கிடாய ஏத்துனீகள்ல?"

"கிடாய் ஒம்பதாயிரம். கண்ணுல படாது. இது யானை."

"மிளகாய் வித்த காசுலதான பீஸ் கட்டுனேன்? மிளகாய்ல வந்தது மிளகாய்லதான கழியணும்?"

"அந்த நியாயத்துக்குப் பாத்தா உங்க கல்யாணச் செலவையும்ல ஏத்தணும்."

தங்கப்பாண்டி கொஞ்சம் யோசித்தார். "ஏத்தலாமா?"

சேதுபதி தண்ணீர் குடித்தார். இருபத்தெட்டு வருஷமாகத் தொழில் பார்க்கிறவர். மண்டிக்காரர்களிடம் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்த தெருவில் முடியும் என்று சொல்ல ஒரு ஆடிட்டர் இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். இருபத்து நாலு லட்சம் கழிந்தால் தங்கப்பாண்டிக்கு வரியில் ஏழரை லட்சம் மிச்சம். அந்த ஏழரை லட்சத்தில் கோயிலுக்கு முன்னால் ஒரு ஆர்ச் கட்டி, முனீஸ்வரன் பெயரைவிட இரண்டு விரல்கடை பெரிதாகத் தன் பெயரைப் பொறிக்க தங்கப்பாண்டி கொத்தனாரிடம் முன்பே சொல்லியும் வைத்திருந்தார். ஏழரை லட்சம் வராவிட்டால் ஆர்ச் இல்லை. ஆர்ச் இல்லாவிட்டால் எதிர்மண்டிக்காரன் முகத்தில் முழிக்க முடியாது.

"ஒரு வழி இருக்கு," என்று சேதுபதி குரலைத் தாழ்த்தினார். "மக மண்டியில வேலை பாக்குற ஆளா இருந்து, மண்டிக்கு வேணுங்கிற படிப்ப மண்டியே அனுப்பிப் படிக்க வச்சு, முடிச்சதும் மண்டிக்கே வந்து உழைக்கிறேன்னு அந்த ஆளும் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தா, அது தொழில் செலவுன்னு வாதாடிப் பாக்கலாம்."

"மண்டிக்கு டாக்டர் எதுக்கு?"

"மிளகா நெடியில உங்க ஆளுக இருமுறதில்லையா?"

"இருமுவாய்ங்க. இருமிக்கிட்டே சுமப்பாய்ங்க."

"அதுக்குத்தான் டாக்டர்."

தன் லோடுமேன்கள் இருபது வருஷமாக இருமுவது ஒரு வியாதி என்று தங்கப்பாண்டிக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மனசு இளகிப்போனது. ஏழரை லட்சம் அளவுக்கு இளகியது.

"ஆனா ஒண்ணு," என்றார் சேதுபதி. "மகளுன்னு தனிச் சலுகை காட்டுன மாதிரி தெரியக் கூடாது. மத்த ஆளுகளுக்கு என்ன நடைமுறையோ அதே நடைமுறையிலதான் இந்தப் புள்ளையும் இருக்குன்னு காட்டணும். மகளா நெனைக்காதீக. ஆளா நெனைங்க."

"நெனைச்சுட்டேன்."

"பத்திரத்த நம்ம வக்கீல்ட்ட எழுதச் சொல்றேன். எட்டாயிரம் கேப்பாரு."

"ஒரு பத்திரத்துக்கு எட்டாயிரமா?" தங்கப்பாண்டிக்கு அன்றைக்கு இது இரண்டாவது இடி. "வேண்டாம். எங்கிட்டயே பத்திரம் இருக்கு. எங்கய்யா காலத்துல இருந்து மண்டிக்கு ஆள் எடுக்குறது அதுலதான். நாப்பது வருசமா ஒரு பய மீறுனதில்ல."

"மீறாத பத்திரம்னா நல்லதுதான். தேதி மட்டும் பீஸ் கட்டுனதுக்கு முந்தி இருக்கட்டும்," என்றார் சேதுபதி. அதைக் கொண்டுவாருங்கள், படித்துப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே பெஞ்சில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

சத்யப்பிரியா பொங்கல் லீவுக்கு வந்திருந்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அய்யா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வருகிறவள். பேங்க் கணக்கு, பள்ளிக்கூடம், கல்லூரிச் சேர்க்கை எல்லாம் அப்படித்தான். அன்றைக்கும் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கித் தோழியோடு பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அய்யா மை டப்பாவைத் திறந்து நீட்டியபோதுதான் பேச்சை நிறுத்தினாள்.

"இது என்னய்யா?"

"ரேகை வைக்கணும் தாயி. இடது பெருவிரல்."

"டாக்டருக்குப் படிக்கிற புள்ள கைநாட்டு வைக்கணுமா?"

"சீட்டுல அப்படித்தான் இருக்கு. ஆடிட்டரு ஒரு வித்தியாசமும் காட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

அவள் சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். மையைத் துடைக்கப் பழைய துணி கொடுத்தாள் அம்மா முருகலட்சுமி. அந்தச் சீட்டில் அவளுக்குப் பதவி என்ன போடுவது என்று தங்கப்பாண்டி ராத்திரி முழுக்க யோசித்து, கடைசியில் 'நெடி நிவாரண அலுவலர்' என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. மகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வாரம் அந்தப் பதவியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

கணக்கு போனது. இருபத்து நாலு லட்சமும் 'பணியாளர் உயர்கல்விச் செலவு' என்ற பெயரில் கழிந்தது. ஆர்ச் எழுந்தது. திறப்பு விழாவுக்கு ஆன செலவு விளம்பரம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலே ஆனபின் நோட்டீஸ் வந்தது. மிளகாய் மண்டிக்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று வருமானவரிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். சேதுபதி பதில் எழுதினார். அவர்கள் இன்னொன்று கேட்டார்கள். இவர் இன்னொன்று எழுதினார். கடைசியில் மண்டியை நேரில் பார்த்து வர ஓர் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

அது மாசி மாதம். மிளகாய் வரத்து உச்சத்தில் இருந்தது. மண்டிக்குள் நுழைந்தாலே கண் கரிக்கும். தங்கப்பாண்டி தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, மேலே 'தொழிலாளர் சுகாதாரப் பிரிவு' என்று பிளெக்ஸ் கட்டினார். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக சத்யப்பிரியா. லீவு போடவைத்து வரவழைத்திருந்தார்.

"அய்யா, நான் மூணாம் வருசந்தான். இன்னும் ஊசி போடவே விடமாட்டாக," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஊசி யாரு போடச் சொன்னா? உக்காரு. கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்தாப் போதும்."

லோடுமேன்களுக்கு அன்று ஒரே கொண்டாட்டம். பன்னிரண்டு பேர். மூத்தவன் சோணைமுத்து, நாற்பத்தைந்து வயது. மூட்டையை இறக்கிவிட்டு, இருமி முடித்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"டாக்டரம்மா, எனக்கு முதுகுல ஒரு மூட்டை இருக்காப்லயே இருக்கு. இறக்குனாலும் இறங்க மாட்டேங்குது."

"ஏலே சோணை, அது மூட்டை இல்லடா, உம் பொண்டாட்டி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டி சிரித்தது. சத்யப்பிரியாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை அவன் முதுகில் வைத்தவள், இரண்டு மூச்சு கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"எத்தனை வருசமா இப்படி இருமுறீக?"

"வருசமா? நான் இருமலோட வருசத்த எண்ணுறதில்ல தாயி."

அப்போது இன்ஸ்பெக்டர் வந்தார். ஃபஸீலா என்று பெயர், கீழக்கரைக்காரர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் கால் வைத்ததும் நாலு தும்மல். தங்கப்பாண்டி மகிழ்ந்துபோனார். "பாத்தீகளா மேடம்? இதுக்குத்தான் டாக்டர்!"

ஃபஸீலா மூக்கைத் துடைத்துக்கொண்டு மாஸ்க் மாட்டினார். வேலையில் சுறுசுறுப்பு. சம்பளப் பதிவேட்டைப் பார்த்தார். சத்யப்பிரியாவின் பெயர் இருந்தது. கல்லூரி ரசீதுகளைப் பார்த்தார். சரியாக இருந்தன. சேதுபதி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தங்கப்பாண்டி இளநீருக்கு ஆள் அனுப்பினார்.

"சரிங்க ஐயா," என்றார் ஃபஸீலா. "ஒரே ஒரு விளக்கம் வேணும். இந்தப் பத்திரம் உங்க மகளுக்குன்னு தனியா எழுதுனதா? இல்ல மண்டியில எல்லாருக்கும் இந்த நடைமுறை இருக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் தங்கப்பாண்டி இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். ஆடிட்டர் சொல்லிக்கொடுத்த பாடம் நெஞ்சிலிருந்து அப்படியே பொங்கி வந்தது.

"மகளுன்னு நான் பாக்கவே இல்ல மேடம்! இந்த மண்டியில முதலாளி மகளும் ஒண்ணு, மூட்டை தூக்குறவனும் ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே சீட்டு. எங்கய்யா காலத்துச் சீட்டு. ஒரு எழுத்து மாத்தல. வேணும்னா எடுத்துக் காட்டவா?"

சேதுபதி அந்தப் பத்திரத்தைக் கணக்கோடு சேர்த்து அனுப்பியிருந்தாரே தவிர, முதல் வரிக்கு மேல் படித்ததில்லை. ஃபஸீலா கையில் இருந்த பிரதியை அப்போதுதான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நாலாவது வரியில் அவர் கண் நின்றது. முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, அது வேணாம். மேடம் கேட்டது அது இல்ல."

"சும்மா இருங்க ஆடிட்டரு. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

இரும்புப் பீரோ திறந்தது. உள்ளே ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. தங்கப்பாண்டி அதை மேசையில், ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில், பரிசுக்கோப்பையை வைப்பது போல வைத்தார். பன்னிரண்டு சீட்டுகள். பன்னிரண்டிலும் பெருவிரல் ரேகை.

ஃபஸீலா ஒன்றைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தார்.

"இதைப் படிச்சிட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"இல்ல மேடம்."

"இப்பப் படிங்க. சத்தமா."

சத்யப்பிரியா தன் சீட்டை எடுத்தாள். கல்லூரியில் நோயாளி விவரத்தைப் படிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"'கமுதி தங்கப்பாண்டி மகள் சத்யப்பிரியா ஆகிய நான் என் குடும்பச் செலவுக்காக மேற்படி மண்டி முதலாளி அவர்களிடம் ரூபாய் இருபத்து நாலு லட்சம் அட்வான்ஸ் பெற்றுக்கொண்டு, மேற்படித் தொகை தீரும்வரை மேற்படி மண்டியிலேயே வேலை பார்ப்பேன் என்றும், முதலாளி உத்தரவு இல்லாமல் வேறு மண்டிக்கோ வெளியூருக்கோ போகமாட்டேன் என்றும், அப்படிப் போனால் பிடித்து வர முதலாளிக்கு உரிமை உண்டு என்றும்...'"

குரல் இறங்கியது.

"மேல படிங்க."

"'என் கூலியில் பாதியை வட்டிக்குப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்றும், நான் செத்தாலோ முடமானாலோ என் குடும்பத்தில் ஒருவர் என் இடத்தில் வந்து உழைத்துத் தீர்ப்பார் என்றும், என் முழு மனதோடு...'"

மண்டியில் ஒரு மூட்டை அசையவில்லை. லோடுமேன்கள் அப்படியப்படியே நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் தங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் வாயைத் திறந்தது பின்வரிசைக் குரல்தான்.

"ஏலே, டாக்டரம்மாவும் நம்ம செட்டுதானாம்டா."

"அந்தப் புள்ள வராட்டி, குடும்பத்துல ஒருத்தர் வந்து சுமக்கணுமாம்ல? அப்ப மொதலாளிதான வரணும்?" என்றான் இன்னொருவன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பாண்டி மட்டும், எதற்காக எல்லோரும் எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள் என்று விளங்காமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நல்ல சீட்டு. அய்யா எழுதிய சீட்டு. ஆடிட்டர் கேட்டது ஒரே நடைமுறை. அவர் காட்டியது ஒரே நடைமுறை.

சத்யப்பிரியா சோணைமுத்து பக்கம் திரும்பினாள். "நீங்க எம்புட்டு வாங்குனீகண்ணே?"

"நான் வாங்கல தாயி. எங்கய்யா வாங்குனாரு. அக்கா கல்யாணத்துக்கு ஆறாயிரம். அவரு செத்தாரு, நான் வந்தேன்."

"இப்ப பாக்கி எவ்வளவு?" என்று ஃபஸீலா கேட்டார்.

"பதினோராயிரம்னு சொல்றாக."

"ஆறாயிரம் எப்படிப் பதினோராயிரம் ஆச்சு?"

சோணைமுத்து தலையைச் சொறிந்தான். "சுமக்கச் சுமக்க ஏறுது மேடம்."

"யா அல்லாஹ்," என்று ஃபஸீலா மாஸ்க்குக்குள்ளேயே சொன்னார். பிறகு பன்னிரண்டு சீட்டையும் ஒன்று விடாமல் போனில் படம் எடுத்தார். இளநீர் வந்து நின்றது. அவர் தொடவில்லை.

"ஐயா, நான் வரி விஷயமாத்தான் வந்தேன். ஆனா இதைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி நான் போக முடியாது. அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடிச்சு வச்சுக்கிறதுக்குப் பேரு கொத்தடிமை. அதை ஒழிச்சுச் சட்டம் வந்து அம்பது வருஷம் ஆகப்போவுது."

"கொத்தடிமையா? யாரு?" தங்கப்பாண்டி உண்மையிலேயே சுற்றுமுற்றும் பார்த்தார். "மேடம், தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுக்கேன். எவன் வீட்டு விசேசம்னாலும் முன்னால நிக்கேன். கேட்டுப் பாருங்க. ஏலே சோணை, சொல்லுடா!"

சோணைமுத்து குனிந்து தன் முண்டாசைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தான். மிளகாய்த் தூசி எழும்பியது.

அன்று சாயங்காலம் சத்யப்பிரியா வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்தாள். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அய்யா, எனக்கு எழுதும்போதாச்சும் அதப் படிச்சுப் பாத்தீகளா?"

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு? மனப்பாடம்ல."

பதினைந்து நாள் கழித்துப் பரமக்குடியிலிருந்து சப்-கலெக்டர் தாசில்தாரோடும் போலீஸோடும் வந்தார். மண்டியிலேயே விசாரணை. ஒவ்வொருவரிடமும் அதே மூன்று கேள்விகள்: முன்பணம் வாங்கினாயா? அது தீராமல் வேறு இடத்துக்குப் போக முடியுமா? உன் இஷ்டத்துக்கு வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா? பன்னிரண்டு பேர் முடிந்தார்கள். கோப்பில் பதின்மூன்றாவது சீட்டு இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுப் போகிற ஆளாக அந்த சப்-கலெக்டர் இல்லை. சத்யப்பிரியா அழைக்கப்பட்டாள்.

தங்கப்பாண்டிக்கு இதில் ஒரு நம்பிக்கை இருந்தது. மகள் வாயைத் திறந்தால் விஷயம் விளங்கிவிடும்: இது அப்பா-மகள் விவகாரம், வரிக்காக எழுதிய காகிதம் என்று. அப்படிச் சொன்னால் ஏழரை லட்சம் போய்விடுமே என்று மறுபக்கம் ஒரு கவலையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் வியர்த்தார்.

"முன்பணம் வாங்குனீங்களா?"

"பீஸ் கட்டுனாக. இருபத்து நாலு லட்சம்."

"அவர் அனுமதி இல்லாம எங்கயாவது போக முடியுமா?"

சத்யப்பிரியா யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கவில்லை. உண்மை என்ன என்று அவளே முதல் தடவையாகத் தேடிப் பார்த்தாள்.

"போனதில்ல சார். ஹாஸ்டல்ல இருந்தாலும் தினமும் சாயங்காலம் வீடியோ கால் போட்டு ரூமைச் சுத்திக் காட்டணும். கூடப் படிக்கிறவங்க மெரினா போனப்பக்கூட எனக்கு உத்தரவு கிடைக்கல."

"படிப்பு முடிஞ்சதும் வேலையோ வேற வாழ்க்கையோ உங்க இஷ்டத்துக்கு..."

"எங்கய்யாதான் முடிவு பண்ணுவாக. மாப்பிள்ளையும் அவகதான். ஏன்னு கேட்டா, 'பீஸ் கட்டுனது யாரு?'ன்னு கேப்பாக."

சப்-கலெக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். பக்கத்தில் இருந்த தாசில்தாருக்கும் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் இருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சட்டம் கேக்குற எல்லாம் இதுல இருக்கு," என்றார் சப்-கலெக்டர், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. எழுதினார்.

மறுநாள் பேப்பரில் வந்தது: 'கமுதி மிளகாய் மண்டியில் மருத்துவ மாணவி உட்பட 13 கொத்தடிமைகள் மீட்பு.' படம் கிடைக்காத நிருபர் பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். முண்டு மிளகாய் வேந்தர் மாநிலம் முழுக்கக் கைகூப்பி நின்றார். இவ்வளவு பெரிய விளம்பரம் அவருக்கு முன்பு கிடைத்ததில்லை, இதற்கு ஒரு பைசா செலவும் ஆகவில்லை.

பதின்மூன்று பேருக்கும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். சோணைமுத்து அதை வாங்கிக்கொண்டு மறுநாளே எதிர்மண்டியில் தினக்கூலிக்குப் போய்ச் சேர்ந்தான், அங்கே முழுக்கூலி. சத்யப்பிரியாவின் சான்றிதழில், 'மேற்கண்ட நபர் தங்கப்பாண்டி என்பவரிடமிருந்து விடுவிக்கப்பட்டார். இந்நபர் பெற்ற கடன் இன்று முதல் செல்லாது' என்று இருந்தது. அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் வீடியோ கால் வரவில்லை. தங்கப்பாண்டி போட்டுப் பார்த்தார். அவள் எடுத்தாள். கடற்கரைக் காற்றில் முடி பறந்தது. "நல்லா இருக்கேன்யா, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள்.

போலீஸ் வழக்கில் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு தங்கப்பாண்டி வீட்டோடு இருந்தார். முருகலட்சுமி அவருக்குச் சாப்பாடு வைத்தாள், பேசவில்லை. அப்படியிருக்க ஒரு மத்தியானம் சேதுபதி வந்தார், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. வருமானவரிக்காரர்கள் இருபத்து நாலு லட்சத்தையும் தொழில் செலவு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஏழரை லட்சம் கட்ட வேண்டும், அபராதம் தனி.

"அம்புட்டுத்தானா? வழியே இல்லையா?"

சேதுபதி தயங்கினார். சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் வழி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிற வழியைச் சொல்லிவிடுகிற வியாதி அவருக்கு.

"ஏட்டளவுல ஒண்ணு இருக்கு. நீங்க செய்ய மாட்டீக, செய்யவும் கூடாது. சர்க்கார் உத்தரவால கடன் ரத்தாகிப் போச்சுல்ல? தொழில்ல கொடுத்த பணம் திரும்பாமப் போனா அது தொழில் நட்டம். நட்டத்தக் கழிக்கலாம்னு அப்பீல்ல கேக்கலாம். ஆனா அதுக்கு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"என்னன்னு?"

சேதுபதி பையிலிருந்து தாளை எடுத்தார். எழுதியே கொண்டுவந்திருந்தார். அதைக் குரலைத் தாழ்த்தி வாசித்தார்: "'என்னிடம் கொத்தடிமையாக இருந்த என் மகள் சத்யப்பிரியாவிடமிருந்து எனக்கு வரவேண்டிய ரூபாய் இருபத்து நாலு லட்சம்...' இதுல கையெழுத்துப் போட்டா அங்கன போலீஸ் கேஸுல குற்றத்த ஒத்துக்கிட்டதா ஆகும். ஜெயிலு. அதவிட, பெத்த மகளப் பத்தி ஒரு தகப்பன் கைப்பட இப்படி எழுதிக் கொடுத்தா... வேணாம் அண்ணாச்சி. சும்மா தெரிஞ்சுக்கிடுங்கன்னுதான் சொன்னேன். கிழிச்சுப் போட்டுர்றேன்."

அடுப்படி வாசலில் முருகலட்சுமி கரண்டியோடு நின்றிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

தங்கப்பாண்டி தாளை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக, விரலை ஓட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. விரல் ஓரிடத்தில் நின்றது. உதடு நடுங்கியது.  எத்தனை திமிர் பிடித்த மனுஷனாக இருந்தாலும் தகப்பன் தகப்பன்தான் என்று நினைத்து சேதுபதி கையை நீட்டி, தங்கப்பாண்டியின் தோளைத் தொட்டார்.

"என்ன ஆடிட்டரு இது," என்றார் தங்கப்பாண்டி, குரல் உடைய. "மொத வருசம் மட்டும் போட்டுருக்கீக? அடுத்த ரெண்டு வருசம் கட்டுன நாப்பத்தெட்டு எங்க?"